பிறை இருபத்தொன்பது

ஆறு நாள் விடாத மழை. ஏழாம் நாள் சாயங்காலம்தான் மேற்கு வானம் கொஞ்சம் வெளுத்தது.

பினாங்குத் தீவின் வடகரையில், தஞ்சோங் பூங்காவில், கடலுக்குள் நீட்டிக்கொண்டிருந்த பாறையொன்றின் மேல் ஷேக் அலாவுதீன் தன் தொலைநோக்கியின் முக்காலியை ஊன்றினான். பின்னால் முந்நூறு கஜ தூரத்தில் மணற்கரை முழுக்க ஆட்கள். நோன்பு இருபத்தொன்பது. பிறை தெரிந்தால் நாளை பெருநாள். தெரியாவிட்டால் இன்னும் ஒரு நோன்பு. டவுனிலிருந்து பார்த்தால் மேற்கை மலை மறைத்துவிடும். அதனால் பிறை பார்க்கிறவர்கள் வண்டி கட்டிக்கொண்டு இங்கேதான் வருவார்கள்.

அலாவுதீன் வந்தது பிறை பார்க்க அல்ல. இன்று பிறை தெரியாது என்பது அவனுக்குத் தெரியும். கப்பல் பஞ்சாங்கத்தின்படி சந்திரன் இன்று நடுப்பகலில்தான் சூரியனைக் கடந்திருந்தது. சூரியன் மறைந்த எட்டு நிமிஷத்தில் அதுவும் கடலுக்குள் போய்விடும். ஆனால் கணக்கைக் கேட்டு யாரும் பெருநாள் வைப்பதில்லை. அது அவனுக்கும் சம்மதம்தான். அதனால் வாய் திறக்கவில்லை.

அவன் தேடி வந்தது வேறொன்றை.

அலாவுதீனுக்கு சூலியா தெருவில் கடிகாரக் கடை. துறைமுகத்துக்கு வரும் கப்பல்களின் கடிகாரங்கள் நாளுக்கு எத்தனை விநாடி முந்துகின்றன, எத்தனை விநாடி பிந்துகின்றன என்று நட்சத்திரங்களை வைத்துச் சரிபார்த்துக் கொடுப்பது அவன் தொழில். அதற்காகத்தான் பஞ்சாங்கமும், கோணம் அளக்கும் செக்ஸ்டன்டும், மூன்றங்குலத் தொலைநோக்கியும் வைத்திருந்தான். நோன்பு தொடங்கிய வாரத்தில், தராவீஹ் என்னும் இரவுத் தொழுகையை முடித்துவிட்டு வந்து மாடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது, மக நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு மங்கல் தென்பட்டது. கண்ணாடியில் விரல் பட்ட அழுக்கு என்று நினைத்துத் துடைத்தான். போகவில்லை. மறுநாள் பார்த்தால் மங்கல் இடம் மாறியிருந்தது.

வால்நட்சத்திரம். வாலே இல்லாத, வெறுங்கண்ணுக்குத் தெரியவே தெரியாத ஒன்று. பினாங்கில் அதைப் பார்த்தவர்கள் இரண்டே பேர்: அவனும் அவன் மனைவி சலேஹாவும். இந்தியாவிலுள்ள ஒரு வானாய்வுக்கூடத்துக்குக் கடிதம் எழுதிப் போட்டிருந்தான். பதில் இல்லை.

பன்னிரண்டு இரவுகள் இருவருமாக அதைப் பின்தொடர்ந்தார்கள். அவன் இடத்தை அளப்பான். அவள் கடிகாரத்தைப் பார்த்து விநாடி சொல்லுவாள். வெளிச்சத்தை மதிப்பிடுவதும் அவள் வேலைதான், அவளுக்குத்தான் கண் கூர்மை. பக்கத்திலுள்ள நட்சத்திரமொன்றைப் பார்த்தபடி தொலைநோக்கியின் கண்ணாடியை முன்னும் பின்னும் நகர்த்தி, அது மங்கலைப் போலவே பரவும்வரை கலைத்துவிட்டு, இரண்டையும் ஒப்பிடுவாள். “இன்னைக்கு எட்டரை” என்பாள். எண் பெரிதானால் மங்கல் அதிகம் என்று அர்த்தம். ஒன்பதில் தொடங்கியது, கடைசியாகப் பார்த்த இரவில் ஏழு. அதன் பாதை வளைந்துகொண்டே சூரியனை நோக்கி விழுந்துகொண்டிருந்தது. இன்னும் மூன்று நான்கு சாயங்காலங்களில் அந்தி வெளிச்சத்துக்குள் முழுகிவிடும். அதற்குள் இன்னொரு அளவாவது எடுக்காவிட்டால் பாதைக் கணக்கு அரைகுறைதான். சூரியனைச் சுற்றிக்கொண்டு அது மறுபக்கம் வரும்போது எங்கே தேடுவது என்றுகூடத் தெரியாது. அப்போது பார்த்துத்தான் ஆறு நாள் மழை.

சூரியன் மறைந்தது. அலாவுதீன் பேரீச்சம்பழம் ஒன்றைக் கடித்து, தண்ணீர் குடித்து நோன்பு திறந்தான். கடலோரம் மேகம் கரும்பாறை போல அடுக்கடுக்காக நின்றது. பத்து நிமிஷம், பதினைந்து நிமிஷம். கரையிலிருந்த கூட்டத்தில் சிலர் பாயைச் சுருட்ட ஆரம்பித்தார்கள்.

இருபத்துமூன்றாம் நிமிஷம் மேகம் ஓரிடத்தில் கிழிந்தது.

தொலைநோக்கியைத் திருப்பக் கையை வைத்தவன் அப்படியே நின்றுவிட்டான். தொலைநோக்கி தேவைப்படவில்லை. கடலுக்கு மேலே, கையை நீட்டிப் பிடித்தால் ஒரு முஷ்டி உயரத்தில், வெள்ளையாக ஒரு கீற்று நின்றது.

‘இது அதுவா?’

கணக்குப்படி அது நிற்க வேண்டிய இடம் அதுதான். ஆனால் இந்த வெளிச்சம் எங்கிருந்து வந்தது? ஆறுக்கு வந்திருக்கும் என்றுதான் எதிர்பார்த்திருந்தான். ஆறு என்றால் இருட்டிலேயே கண்ணுக்குத் தெரியாது. இதுவோ அந்தி வெளிச்சத்திலேயே பளிச்சென்று நின்றது. தொலைநோக்கியில் பார்த்தான். கீழே உருண்டையான தலை, அதிலிருந்து மேல் நோக்கி ஒரு குட்டை வால். செக்ஸ்டன்டை எடுத்துப் புனர்பூசத்து நட்சத்திரத்திலிருந்து ஒரு கோணம் அளந்தான். தெற்கே நின்ற இன்னொரு நட்சத்திரத்திலிருந்து அடுத்த கோணத்தை அளக்கும்போதுதான் கரையிலிருந்து சத்தம் கேட்டது.

“பிறை! பிறை! அந்தா தெரியுது பாருங்க!”

“அல்லாஹு அக்பர்!”

எண்ணை எழுதி முடிப்பதற்குள் மேகம் மூடிவிட்டது. மொத்தம் இரண்டு நிமிஷம்கூட இருக்காது. அவன் சாமான்களைத் தூக்கிக்கொண்டு பாறையிலிருந்து இறங்கி ஓடினான். மணலில் பாதிப்பேர் இல்லை. ஒரு மோட்டார் வண்டி டவுன் பக்கம் சேறு தெறிக்கப் போவது தெரிந்தது. அந்த வண்டியை அவனுக்குத் தெரியும். மாமனார் அப்துல் காதருடையது.

குதிரைவண்டிக்காரர் பிச்சைமுத்து அவனுக்காகக் காத்திருந்தார்.

“என்ன பாய், பெருநாள் வந்தாச்சுன்னு எல்லாரும் குதிக்கிறாங்க, நீங்க ஏன் மூஞ்சியை இப்படி வச்சிருக்கீங்க?”

“பார்த்தது யாரு அண்ணே?”

“உங்க மாமனாரும் யூசுப் முதலாளியும்தான். ரெண்டு சாட்சி ஆச்சுலா. மத்தவங்க நிமிர்றதுக்குள்ள மேகம் மூடிருச்சு. காஜியார்கிட்ட சொல்லத்தான் பறக்குறாங்க.”

“வண்டியை விரட்டுங்கண்ணே. நகரா அடிக்கிறதுக்கு முன்னாடி நான் பள்ளிவாசலுக்குப் போகணும்.”

காஜியார் சாட்சியை ஒப்புக்கொண்டு பள்ளிவாசல் முரசை அடிக்கச் சொல்லிவிட்டால் பெருநாள் உறுதி. ஆறு மைல். குதிரை நுரை தள்ள ஓடியது. வழியிலிருந்த கம்போங் கிராமங்களில் செய்தி முந்திக்கொண்டுவிட்டது. “பெசோக் ராயா! நாளைக்குப் பெருநாள்!” என்று மலாய்ப் பிள்ளைகள் ரோட்டோரம் கத்தின. 

பேசாமல் இருந்துவிட்டால் என்ன? ஒரு நோன்பு போகும். ஊர் அறியாமல் செய்த தப்பு. ஆனால் அவன் அறிவானே. பேசினால்? அவன் கணக்குத் தப்பாக இருந்து, அங்கே நின்றது உண்மையிலேயே பிறையாக இருந்தால், ஆயிரக்கணக்கான பேரைப் பெருநாளன்று நோன்பு பிடிக்க வைத்த பாவம் அவன் தலையில் விழும். பெருநாளன்று நோன்பு ஹராம். மாமனாரோ ஊரில் சொல் சுத்தமான மனுஷர். அவர் கிட்டங்கியில் எழுத்தில்லாமல் வாய்வார்த்தைக்கே சரக்கு இறங்கும். அவரை முந்நூறு பேருக்கு முன்னால் மறுப்பதா?

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தச் சொன்னான். சலேஹா அடுப்படியில் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

“அத்தா பிறை பார்த்துட்டாங்களாமே! தெருவே பேசுது.”

“அது பிறை இல்ல சலேஹா. நம்மளோடது.”

அவள் மாவுக்கையோடு எழுந்து நின்றாள். “எப்படிங்க? போன வாரம் தூரக்கண்ணாடியிலயே கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். ஏழுன்னு நானே எழுதினேன். ஆறு நாள்ல வெறுங்கண்ணுக்கு எப்படித் தெரியும்?”

“தெரியல. வெடிச்ச மாதிரி பிரகாசமா இருக்கு. தலை இருக்கு, வால் இருக்கு. நான் கண்ணாடியில பார்த்தேன்.”

“எவ்வளவு நேரம்?”

“ரெண்டு நிமிஷம்.”

“ரெண்டே நிமிஷம்.” அவள் அவன் முகத்தையே பார்த்தாள். “அத்தா பொய் சொல்ற ஆளு இல்லைங்க.”

“பொய்யின்னு யார் சொன்னா? அவங்க பார்த்தது நிஜம். நானும் அதைத்தான் பார்த்தேன். பேரைத்தான் மாத்திச் சொல்லிட்டாங்க.”

அவள் கையைக் கழுவினாள். உள்ளே போய் நோட்டுப் புத்தகத்தை எடுத்து வந்து விரித்து, கடைசியாக அளந்த இடத்தைக் காட்டினாள். “இன்னைக்கு அளந்ததை இதுல குறிங்க.”

அவன் நின்றபடியே குறித்தான். பன்னிரண்டு புள்ளிகள் வளைந்து இறங்கிய கோட்டின் நீட்சியில், இம்மிகூட விலகாமல் பதின்மூன்றாவது புள்ளி போய் உட்கார்ந்தது.

சலேஹா அந்தப் புள்ளியின் மேல் விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு புத்தகத்தை மூடி அவன் கையில் திணித்தாள்.

“போங்க. நகரா அடிச்சிடப் போறாங்க.”

“உங்க அத்தா என்னை மன்னிக்க மாட்டாங்க.”

“என்னையும்தான்,” என்றாள். “போங்க.”

பள்ளிவாசல் முற்றத்தில் கால் வைக்க இடமில்லை. இரவின் இஷா தொழுகை முடிந்து அப்போதுதான் சாட்சி கேட்க உட்கார்ந்திருந்தார்கள். நகரா மேடையில் ஒருவன் கையில் கோலோடு காஜியாரின் முகத்தைப் பார்த்தபடி நின்றான். காஜியாருக்கு முன்னால் அப்துல் காதரும் யூசுப்பும் உட்கார்ந்திருந்தார்கள். அலாவுதீன் தோளிடித்து முன்னே போனான்.

“காஜியார் அவர்களே, ஒரு வார்த்தை.”

அப்துல் காதர் மருமகனைப் பார்த்துச் சிரித்தார். “நீயும் பாறை மேல நின்னியே! மூணாவது சாட்சி வந்தாச்சு.”

அலாவுதீன் அவர் பக்கம் திரும்பினான். “மாமா… நீங்க பார்த்தது பிறை இல்ல. சந்திரன் அதுக்கு முன்னாடியே இறங்கிடுச்சு. பஞ்சாங்கக் கணக்குப்படி…”

முற்றம் கொதித்தது. “வெள்ளைக்காரன் கணக்கைப் பள்ளிக்குள்ள கொண்டு வர்றான்!” என்று பின்னாலிருந்து ஒரு குரல். யாரோ அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். அப்துல் காதரின் சிரிப்பு அப்படியே உறைந்தது.

காஜியார் கையை உயர்த்தினார். வயதானவர், குரல் மெலிந்தது, ஆனாலும் கூட்டம் அடங்கியது.

“தம்பி, கணக்கை மூடி வை. கணக்கு இங்கே சாட்சி ஆகாது. உன் கண்ணு என்ன பார்த்துச்சு? அதை மட்டும் சொல்லு.”

“சூரியன் மறைஞ்சு இருபத்துமூணு நிமிஷம் கழிச்சு, கடலுக்கு மேலே ஒரு முஷ்டி உயரத்துல வெள்ளையா ஒண்ணு நின்னுச்சு. கீழே தலை பருத்து, வால் மேலே மெலிஞ்சு போச்சு. அது வால்நட்சத்திரம். நானும் என் வீட்டுலயும் அதை மூணு வாரமா பார்த்துட்டு வர்றோம். ஒவ்வொரு ராத்திரியும் நின்ன இடம் இந்தப் புத்தகத்துல இருக்கு.”

“நான் பொய் சொல்றேனா?” அப்துல் காதர் எழுந்துவிட்டார்.

“இல்ல மாமா. நீங்க பார்த்தது சத்தியம்.”

காஜியார் இரண்டு சாட்சிகளையும் பிரித்தார். யூசுப்பைத் தூணுக்கு அப்பால் அனுப்பிவிட்டு, அப்துல் காதரைக் கேட்டார்.

“கொம்பு ரெண்டும் எந்தப் பக்கம் பார்த்து இருந்துச்சு?”

“கொம்பு…” அவர் யோசித்தார். “கொம்பை நான் கவனிக்கல. கீத்தா இருந்துச்சு. நீட்டா.”

“படுத்தா, நின்னா?”

அப்துல் காதர் தன் கையைப் படுக்கவைத்து, பிறகு நிமிர்த்திப் பார்த்தார். இந்தக் கரையில் பிறை எப்படித் தெரியும் என்பதை முற்றத்தில் எல்லாரும் அறிவார்கள். தண்ணீரில் மிதக்கும் சம்பான் படகு போல மல்லாந்து படுத்திருக்கும்.

“நின்னுச்சு,” என்றார் அப்துல் காதர்.

யூசுப்பைக் கூப்பிட்டுக் கேட்டதற்கு, “ஆணி அடிச்ச மாதிரி நெட்டுக்குத்தலா” என்றார் அவர், எதுவும் தெரியாமல்.

காஜியார் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு அலாவுதீனிடம் திரும்பினார். “நீ சொல்றது நாளைக்கும் வானத்துல இருக்குமா?”

“இருக்கும்.”

“எங்கே?”

அலாவுதீன் தரையிலேயே உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்தான். பென்சில் முனை இரண்டு தடவை ஒடிந்தது. வால்நட்சத்திரம் நாளை எவ்வளவு இறங்கும், சந்திரன் எவ்வளவு ஏறும்? தலைக்கு மேலே நூற்றுக்கணக்கான பேர் மூச்சு விடுவது கேட்டது. ஒரு கூட்டலைச் சரிபார்த்தான். நம்பிக்கை வராமல் மறுபடி சரிபார்த்தான்.

“நாளைக்குப் பிறை எல்லாருக்கும் தெரியும். அதுக்கு வலப்பக்கம் நாலு விரல் தள்ளி, ஒரு விரல் கீழே இது நிக்கும்.”

“மழை பெஞ்சா?” என்றார் அப்துல் காதர். குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

“மழை பெஞ்சா என் பேச்சுக்கு எந்தச் சாட்சியும் இல்ல, மாமா.”

காஜியார் எழுந்தார். “பிறை பார்த்ததாகச் சாட்சி நிலைக்கவில்லை. இந்த மாதம் முப்பது. நாளை நோன்பு.” நகரா மேடையில் நின்றவன் கோலைக் கீழே வைத்தான்.

கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது. அலாவுதீனைக் கடந்து போனவர்கள் யாரும் ஸலாம் சொல்லவில்லை. அப்துல் காதர் அவன் பக்கமே திரும்பாமல் போய் மோட்டாரில் ஏறினார்.

மறுநாள் கடைக்கு ஒரு ஆள்கூட வரவில்லை. தெருவில் போகிறவர்கள் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். “தைச்ச பெருநாள் சட்டையை மாட்டியிருக்க வேண்டிய நாளு” என்று எதிர்க்கடைத் தையல்காரர் அவன் காதில் விழும்படி சொன்னார். பகல் இரண்டு மணிக்கு மலைக்குப் பின்னாலிருந்து மேகம் எழுந்தது. மூன்றுக்கு மழை. சலேஹா மாடியில் நின்று வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் துஆ ஓதிக்கொண்டிருந்தது.

“நீங்க சொன்ன இடத்துல அது நிக்கலேன்னா என்ன செய்வீங்க?” என்று கேட்டாள்.

“தெரியல.”

“பெருநாளைக்கு அத்தா வீட்டுக்குப் போறது?”

அவன் செக்ஸ்டன்டை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தான்.

ஐந்தரைக்கு மழை ஓய்ந்தது. அன்று சலேஹாவும் மூடுவண்டியில் கூட வந்தாள். தஞ்சோங் பூங்கா மணலில் முந்தின நாளைப் போல மூன்று மடங்கு கூட்டம். பிறை எப்படியும் வந்துவிடும், முப்பது முடிந்தாயிற்று. ஆட்கள் வந்தது கடிகாரக்காரன் சொன்னது நிற்கிறதா என்று பார்க்க. அப்துல் காதரும் வந்திருந்தார். கூட்டத்திலிருந்து விலகி, தன் வண்டிக்குப் பக்கத்தில் தனியாக நின்றார்.

சூரியன் மேகத்துக்குள்ளேயே மறைந்தது. நோன்பு திறந்தார்கள். வானம் சாம்பல் பூத்துக் கிடந்தது.  பதினைந்து நிமிஷம் போயிற்று. காற்று திரும்பியது. மேகத்தின் மேல்விளிம்பு மெல்ல இறங்க, முதலில் பிறை வெளிவந்தது, மல்லாந்த சம்பானைப் போல, மெலிந்து, சுத்தமாக. “அல்லாஹு அக்பர்” என்று தக்பீர் முழங்கியது. வலப்பக்கம் மட்டும் இன்னும் மூடியே கிடந்தது.

யாரும் நகரவில்லை. “எங்கேலா அது?” என்று ஒருவன் கேட்டான்.

“பொறுங்க,” என்றான் அலாவுதீன். 

சலேஹாதான் முதலில் பார்த்தாள். அவள் கை உயர்ந்தது. மேகத்தின் மெல்லிய ஓரத்தில் ஒரு வெண்மை ஊறி, கெட்டியாகி, ஒரு கீற்றாக நின்றது. பிறைக்கு வலப்பக்கம் நாலு விரல் தள்ளி, ஒரு விரல் கீழே.

 அப்துல் காதர் நடந்து வந்தார். பிறையையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, கிட்டங்கியில் ஆள் கூப்பிடும் குரலில் சொன்னார்:

“நேத்து நான் பார்த்தது அதைத்தான். அந்த வலப்பக்கத்துல நிக்கிறதை. எல்லாரும் கேட்டுக்குங்க.”

சொல்லிவிட்டு வண்டிக்குப் போய்விட்டார். அலாவுதீனுக்குப் பின்னால் ஓடிப் போக வேண்டும் போலிருந்தது. “முதல்ல அளங்க, மேகம் வருது” என்றாள் சலேஹா. அவன் அளந்தான். வெளிச்சத்துக்கு அவள் “ஒண்ணு” என்றாள்; கொஞ்சம் யோசித்து, “ஒண்ணே கால்” என்று திருத்தினாள்.

பெருநாள் தொழுகை முடிந்து, பத்து மணிக்கு மாமனார் வீட்டு வாசலில் இருவரும் தயங்கி நின்றார்கள். அப்துல் காதர்தான் கதவைத் திறந்தார். மருமகனை நெஞ்சோடு அணைத்து ஸலாம் சொன்னார். எல்லாரும் சாப்பாட்டில் உட்கார்ந்தார்கள்.

“நீ சொன்னது சரிதான்,” என்றார் கடைசியில், தட்டைப் பார்த்தபடி. “ஆனா அத்தனை பேர் முன்னாடி சொன்னே.”

“வேற எங்கே சொல்லியிருக்க முடியும், மாமா? கோல் நகரா மேல இருந்துச்சு.”

அவர் யோசித்தார். உடனே ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு வாய் சாப்பிட்டார், தண்ணீர் குடித்தார்.

“ஆமா,” என்றார். “வேற இடம் இல்லைதான்.” அப்புறம் சலேஹாவைப் பார்த்து, “இன்னைக்குச் சாயங்காலமும் அதை அளக்கணுமா?”

“இன்னைக்கும் நாளைக்கும்தான் அத்தா. அப்புறம் சூரியன்கிட்டப் போயிடும்.”

“குதிரைவண்டி வேணாம்,” என்றார் அப்துல் காதர். “அஞ்சு மணிக்கு ரெடியா இருங்க. நானே கொண்டு போய் விடுறேன்.”